பிடிக்க வேண்டுமா, கீழே இறங்கு

வில்லியனூர், பாகூர் கொம்யூன்களின் வயல்வெளிகளில் வானம் இன்னும் இருட்டாகக் கிடைக்கிறது. அந்தி சாய்ந்த பிறகு சில நாள்களில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு வெள்ளைப் புள்ளி சிமிட்டாமல் நகரும். அதுதான் சர்வதேச விண்வெளி நிலையம். உயரம் சுமார் 400 கி.மீ.; வேகம் மணிக்கு ஏறத்தாழ 28,000 கி.மீ. நடுவானில் சட்டென மறைந்தால், பூமியின் நிழலுக்குள் புகுந்துவிட்டது. 2025 ஜூன் 26 முதல் ஜூலை 14 வரை அந்தப் புள்ளிக்குள் இந்திய விண்வெளி வீரர் சுபான்ஷு சுக்லா இருந்தார். 1984-இல் விண்ணுக்குப் போன முதல் இந்தியர் ராகேஷ் சர்மா சோயுஸ் கலத்தில் ஆய்வாளராகப் போனார். சுக்லாவோ டிராகன் கலத்தின் பைலட்டாகவே போனார்.

அவ்வளவு வேகத்தில் ஓடும் நிலையத்தை இன்னொரு கலம் எப்படிப் பிடிக்கிறது? எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது தீராத வியப்பு.

வில்லியனூர் சாலையில் முன்னால் போகும் பஸ்ஸை எட்டிப் பிடிக்க பைக்கின் ஆக்சிலேட்டரை முறுக்குவோம். விண்ணில் அப்படி முறுக்கினால் பின்தங்கிவிடுவோம். முன்னோக்கி உந்தினால் கலம் மேலே ஏறும். மேலே சுற்றுப்பாதை நீளம், வேகமும் குறைவு. 400 கி.மீ. உயரத்தில் ஒரு சுற்றுக்குச் சுமார் 92 நிமிடம் என்றால், 200 கி.மீ. உயரத்தில் 88 நிமிடமே போதும். ஆகவே தாழ்வான பாதையில் ஓடி இடைவெளியைக் குறைத்துக்கொண்டு, கணக்குப் பார்த்து மெல்ல ஏற வேண்டும்.

விமானிகளின் கைப்பழக்கத்துக்கு இது நேர் எதிர். 1965 ஜூனில் அமெரிக்காவின் ஜெமினி 4 கலத்தின் ஜேம்ஸ் மெக்டிவிட், தங்களை ஏற்றிவிட்ட ராக்கெட்டின் மேல்பகுதியை நெருங்கப் பார்த்தார். அதை நோக்கியே உந்தினார். எரிபொருள் கரைந்தது, அது விலகிக்கொண்டே போனது. முயற்சியைக் கைவிட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் ராடாரும் கணினியும் துணையிருக்க, வால்ட்டர் ஷிரா தன் ஜெமினி 6ஏ கலத்தை ஜெமினி 7-க்கு ஓரடி அருகில் கொண்டுபோய் நிறுத்தினார்.

இன்று டிராகன் இதையெல்லாம் தானாகவே செய்துவிடும். பிறகு பைலட் எதற்கு? திரையில் ஓடும் எண்களில் எது முறையானது, எது பிசகு என்று நொடியில் அறிய. தேவைப்பட்டால் கலத்தைத் தன் கையில் எடுக்க. புது விமானங்களை ஓட்டிப் பார்க்கும் சோதனை விமானிகளுக்கு இது அன்றாடத் தொழில். மனிதரை விண்ணுக்கு அனுப்பும் இந்தியத் திட்டமான ககன்யானுக்குத் தேர்வான நால்வரும் அப்படிப்பட்டவர்களே. சுக்லாவோடு பிரசாந்த் நாயர், அங்கத் பிரதாப், அஜித் கிருஷ்ணன். சுமார் 2,900 மணி நேரம் பறந்த அஜித் கிருஷ்ணன் பிறந்தது சென்னையில்.