மந்தர ஸ்வரத்தின் வாத்தியம்
பாஸ் கிடாரும் ஆம்ப்ளிபயரும் வாங்குவோர் கவனத்திற்கு

நாதஸ்வரக் கச்சேரியில் ஒத்து ஊதுகிறவரை யாரும் தனியே கவனிப்பதில்லை. நாதஸ்வர வித்துவானுக்குச் 'சபாஷ்' கிடைக்கும்; தவில் வித்துவானுக்குக் கைதட்டல் கிடைக்கும். ஒத்து நின்றுவிட்டாலோ, சபையிலுள்ள சிறு குழந்தைகூட ஏதோ குறைந்துவிட்டது என்று உணர்ந்துகொள்ளும். இக்கால மெல்லிசைக் குழுக்களில் அவ்விடத்தை வகிப்பது பாஸ் கிடார் என்னும் வாத்தியம். ஒத்து ஒரே சுருதியில் நிலைத்து நிற்பது. பாஸ் கிடாரோ பாட்டோடும் தாளத்தோடும் நடந்து செல்வது. இந்த வேற்றுமை இருப்பினும், மற்றவர்களைத் தாங்கி நிற்பதே இரண்டுக்கும் பொதுவான தொழில்.

கரியாஹாட் சந்திப்பிலிருந்து ராஸ்பிஹாரி அவென்யூ வழியே லேக் மார்க்கெட் வரையில் நம்மவர் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வருகின்றன. பொங்கல் விழா, நவராத்திரி, ஆண்டு விழா ஆகியவற்றில் நம் பிள்ளைகள் மெல்லிசை வழங்குவதும் வழக்கமாகிவிட்டது. இவர்கள் வயிற்றுப் பிழைப்புக்காக வாசிப்பவர்கள் அல்லர். வார நாட்களில் அலுவலகமோ கல்லூரியோ சென்று, ஓய்வு நாட்களில் மேடை ஏறுகிறவர்கள். இத்தகைய பிள்ளை ஒருவன், "பாஸ் கிடாரும் ஆம்ப்ளிபயரும் வாங்க வேண்டும்" என்று கேட்கும்போது, மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் தந்தை திகைப்பது இயல்பே. அவ்விருவருக்கும் பயன்படுமாறு சில செய்திகளைக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இந்நகருக்கு இது புதிதன்று

கிடார் என்றாலே அந்நியப் பொருள் என்று முகஞ்சுளிக்கும் பெரியோர் நம்மிடையே சிலர் உண்டு. வங்காளிகளின் இல்லங்களில் ஹவாயன் கிடாரில் ரவீந்திர சங்கீதம் வாசிப்பது நெடுநாளைய பழக்கம். 1947இல் பம்பாயில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்த உஷா உதூப், 1969இல் சென்னை மவுண்ட் ரோட்டு விடுதி ஒன்றில் பாடத் தொடங்கி, பின்னர் இந்நகரத்துப் பார்க் தெருவின் 'டிரிங்காஸ்' விடுதியில் பாடிப் பெரும் புகழ் எய்தினார். 1970களின் நடுவில் தென் கொல்கத்தாவில் தோன்றிய 'மொஹினேர் கோடாகுலி' என்னும் குழு, வங்காளத்தின் முதல் ராக் இசைக் குழுவாக இன்று மதிக்கப்படுகிறது.

நமக்கு இன்னும் நெருக்கமான செய்தி ஒன்றும் உண்டு. வங்காளத்தின் பெரும் இசையமைப்பாளர் சலீல் சௌத்ரியின் குழுவில் 1970களில் கிடார் வாசித்தவர் நம் இளையராஜா. பின்னாளில் அவர் அமைத்த பாடல்களில் பாஸ் கிடார் வெறும் துணையாக நிற்காமல், பாட்டினடியில் தனக்கென ஒரு நடை கொண்டு செல்வதைச் செவியுள்ளோர் அறிவர். ஆதலின் தமிழரும் வங்காளிகளும் சேர்ந்து வளர்த்த செல்வத்தில் ஒரு பங்கையே நம் பிள்ளை கேட்கிறான் என்று கொள்ளலாம்.

வாத்தியத்தின் இயல்பு

முற்காலத்தில் மந்தர ஸ்வரங்களை வாசிக்க ஆளுயரத்திற்கு மேற்பட்ட 'டபுள் பாஸ்' என்னும் பெரிய வாத்தியமே பயன்பட்டது. அமெரிக்கரான லியோ ஃபெண்டர் 1951இல் 'பிரிஸிஷன் பாஸ்' என்னும் மின்சார வாத்தியத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அப்பெயருக்குத் துல்லியம் என்று பொருள். டபுள் பாஸில் மெட்டுகள் இல்லை. இதில் வீணையைப் போல மெட்டுகள் அமைந்திருப்பதால் விரல் வைத்த இடத்தில் ஸ்வரம் பிசகாமல் ஒலிக்கும். 1960இல் 'ஜாஸ் பாஸ்' என்னும் வகை வந்தது. இன்று கடைகளில் காணப்படும் பாஸ் கிடார்களில் பெரும்பாலானவை இவ்விரண்டின் வழிவந்தவையே.

இதற்கு நான்கு கம்பிகள். சாதாரணக் கிடாரின் தடித்த நான்கு கம்பிகளுக்கு ஒரு ஸ்தாயி கீழே இவை சுருதி சேர்க்கப்படும். மிகத் தாழ்ந்த கம்பி விநாடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிரும். இந்த எண்ணை நேயர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஆம்ப்ளிபயர் பற்றிய செய்திகள் பலவும் இதிலிருந்தே பிறக்கின்றன.

கிடாரைத் தேர்தல்

முதலில் நோக்க வேண்டியது நீளம். வழக்கமான பாஸ் கிடாரில் கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம். குறுகிய வகையில் 30 அங்குலம். சிறிய கை உடையோரும் பள்ளிச் சிறுவர் சிறுமியரும் குறுகிய வகையைக் கொள்வதில் இழுக்கேதும் இல்லை. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி உலகப் புகழ் பெற்றது, வயலின் வடிவிலமைந்த 'ஹாஃப்னர்' என்னும் குறுகிய பாஸைக் கொண்டே.

அடுத்தது 'பிக்-அப்' எனப்படும் காந்தச் சுருள். பிரிஸிஷன் வகையில் இரண்டாகப் பிளந்த ஒரே சுருள்; நாதம் திரண்டு கனமாக ஒலிக்கும். ஜாஸ் வகையில் இரு சுருள்கள். அவற்றைக் கூட்டியும் குறைத்தும் பலவித நாதங்களைப் பெறலாம். மெல்லிசை மேடைக்கு இரண்டுமே ஏற்றவை. உள்ளே 9 வோல்ட் பேட்டரி வைத்து இயங்கும் வகையும் உண்டு. நடுக் கச்சேரியில் பேட்டரி தீர்ந்துபோனால் சங்கடம் நேருமாதலால், புதிதாகப் பயில்பவர் பேட்டரி வேண்டாத வகையைக் கொள்வதே நலம். ஐந்து கம்பி வாத்தியமும் முதல் வாத்தியமாக வேண்டியதில்லை.

லால்பஜாரை அடுத்த ரவீந்திர சரணியிலும் லெனின் சரணியிலும் வாத்தியக் கடைகள் பல உள்ளன. பழைய வாத்தியம் வாங்குவோர் கீழ்க்கண்டவற்றைக் கடையிலேயே சோதித்துவிட வேண்டும். கழுத்தை நீளவாக்கில் ஒரு கண்ணால் நோக்கினால் வளைவோ முறுக்கமோ புலப்படும். சிறு வளைவு தீங்கன்று. உள்ளிருக்கும் இரும்புக் கம்பியைத் திருகிச் சரிசெய்யலாம். முறுக்கிக்கொண்ட கழுத்தை இலவசமாகக் கொடுத்தாலும் வாங்கலாகாது. பின்னர் ஒவ்வொரு மெட்டிலும் விரல் வைத்து மீட்டிப் பார்க்க வேண்டும். 12ஆம் மெட்டில் எழும் ஸ்வரம், திறந்த கம்பியின் ஸ்வரத்திற்குச் சரியாக ஒரு ஸ்தாயி மேலே நிற்க வேண்டும். சற்று விலகியிருந்தால் குதிரையை நகர்த்திச் சீர் செய்யலாம். பிரடைகள் தளர்ந்திருக்கக் கூடாது. கடைசியாக, வாத்தியத்தைத் தோளில் மாட்டி நின்று, இரு கைகளையும் எடுத்துவிட வேண்டும். தலைப்பக்கம் தானாகச் சாயுமாயின், இரண்டு மணி நேரக் கச்சேரியில் இடக்கை அதைத் தாங்கியே களைத்துவிடும். வாத்தியம் ஏறக்குறைய 4 கிலோ எடையிருக்குமாதலால் அகலமான தோள்வாரும் இன்றியமையாதது.

நம் நகரின் ஈரக்காற்றையும் கருத வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரையில் மரம் ஈரத்தை உறிஞ்சுவதால் கழுத்து அசையும், கம்பி துருப்பிடிக்கும். வாசித்து முடித்தவுடன் கம்பிகளை உலர்ந்த துணியால் துடைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்துடன் உறையிலிட்டு, வெளிச்சுவரில் சாத்தாமல் வைப்பது நன்று.

ஆம்ப்ளிபயரைத் தேர்தல்

"வீட்டில் கிடாருக்கான ஆம்ப்ளிபயர் இருக்கிறதே, அது போதாதா?" என்று சிலர் வினவுவர். வீட்டில் மெதுவாகப் பழகப் போதும்; மேடைக்கு ஆகாது. தாழ்ந்த ஸ்வரங்களை உரக்க எழுப்ப, ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு நெடுந்தூரம் முன்னும் பின்னும் அசைய வேண்டும். அதற்கென அமையாத ஸ்பீக்கர் அந்த வேகத்தில் கிழிந்துவிடும்.

வாட் எண்ணிக்கையைக் கண்டு மயங்கவும் கூடாது. 100 வாட்டுக்குப் பதில் 200 வாட் வாங்கினால் ஓசை இரு மடங்காவதில்லை. 3 டெசிபெல்தான் கூடும். செவிக்கு இரு மடங்காகத் தோன்ற ஏறக்குறையப் பத்து மடங்கு சக்தி வேண்டும். எனினும் டிரம்ஸுடன் சேர்ந்து வாசிக்கும் சிறு மண்டபத்திற்கு 100 முதல் 300 வாட் வரையில் இருப்பது தகும். 10, 12 அல்லது 15 அங்குல ஸ்பீக்கர் இருத்தல் வேண்டும்.

பெட்டியின் பின்புறத்தில் 'ஓம்' என்னும் அளவு குறிக்கப்பட்டிருக்கும். 4 ஓம் வரையில் தாங்கும் ஆம்ப்ளிபயரில் 8 ஓம் ஸ்பீக்கர் பெட்டிகள் இரண்டை இணையாகச் சேர்க்கலாம்; அவை இரண்டும் சேர்ந்து 4 ஓம் ஆகும். மூன்றாவதையும் சேர்த்தால் அளவு 4க்குக் கீழே இறங்கி, ஆம்ப்ளிபயர் சூடேறிக் கெட்டுவிடும்.

இன்னுமொரு வசதியை அவசியம் கேட்டு வாங்க வேண்டும். வாத்திய ஒலியை மண்டபத்தின் பொது ஒலிபெருக்கிக்கு நேரே அனுப்பும் 'டி.ஐ.' என்னும் வெளிவாயில் அது. அஃதிருந்தால் சபை முழுவதற்கும் நாதத்தைக் கொண்டுசெல்வது மண்டபத்தின் பொறுப்பு. நம் பெட்டி மேடையிலுள்ளோர் காதுக்கு எட்டினால் போதும்.

எடையைக் குறித்தும் ஒரு சொல். 1969இல் வந்த 'ஆம்பெக் எஸ்.வி.டி.' 300 வாட் வால்வு ஆம்ப்ளிபயர். பெரும் புகழ் பெற்றது. ஆனால் அதைத் தூக்க இருவர் வேண்டும். இன்று 'கிளாஸ் டி' முறையில் அமைந்தவை அதே சக்தியை ஒரு கையில் எடுத்துச் செல்லும் எடையில் தருகின்றன. மூன்றாம் மாடியிலிருந்து இறக்கி, டாக்ஸியில் ஏற்றி, மண்டபத்தில் மீண்டும் படியேற்ற வேண்டியவர்கள் இதைப் பெரிதாக எண்ணுவார்கள்.

உயிர் காக்கும் மூன்றாவது கம்பி

இனிச் சொல்வது பெற்றோர் அனைவரும் அறிந்திருக்க வேண்டியது. மின்சாரக் கிடாரின் கம்பிகள் ஆம்ப்ளிபயரின் உடலோடு இணைக்கப்பட்டவை. அது பிளக்கின் மூன்றாவது முளை வழியே எர்த் ஆகிறது. எர்த் சரியாக இல்லாத இடத்தில், ஒரு கை கம்பியிலும் உதடு மைக்கிலும் படும்போது உடல் வழியே 230 வோல்ட் பாயக்கூடும். 1972 மே மாதம் பிரிட்டனில் ஸ்வான்ஸி நகர மேடையில், 'ஸ்டோன் தி குரோஸ்' குழுவின் கிடார் கலைஞர் லெஸ் ஹார்வி, எர்த் இல்லாத மைக்கைத் தொட்டு அவ்விடத்திலேயே உயிர் நீத்தார்.

இரைச்சலை நிறுத்துவதற்கென்று எர்த் முளையை ஒடித்துவிடும் வழக்கம் சிலரிடம் இருக்கிறது. நம் மின்சாரம் விநாடிக்கு 50 முறை அதிர்வது. அவ்விரைச்சல் பாஸின் தாழ்ந்த ஸ்வரங்களுக்கு நடுவிலேயே விழுவதால் தொல்லையாகத் தோன்றும். அதற்குப் பரிகாரம் நல்ல வயரும், எல்லாச் சாதனங்களையும் ஒரே பிளக் வரிசையில் செருகுவதுமேயன்றி, எர்த்தை அறுப்பதன்று. பழைய ஆம்ப்ளிபயர் வாங்கினால், சாந்தினி மார்க்கெட்டில் தேர்ந்த மின்பணியாளரிடம் காட்டி எர்த்தைச் சோதித்த பின்னரே செருக வேண்டும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் காப்புச் சாதனத்தையும் உடன் வைத்துக்கொள்ளலாம். பந்தலிலும் ஜெனரேட்டர் மேடையிலும் இது பன்மடங்கு அவசியம். மழை நனைத்த மேடையில் வாசிக்க மறுப்பது கோழைத்தனம் ஆகாது.

அண்டை வீட்டாரும் சட்டமும்

தாழ்ந்த ஸ்வரம் சுவரையும் தளத்தையும் ஊடுருவும். பாட்டு கேட்காத கீழ்வீட்டாருக்கும் நம் பாஸின் அதிர்வு கேட்கும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபெல், இரவில் 45 டெசிபெல் என வரம்பு விதித்திருக்கின்றன. மூடிய மண்டபங்கள் நீங்கலாக, இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி கூடாது. விழாக் காலங்களில் ஆண்டுக்கு 15 நாட்களுக்கு மேற்படாமல் நள்ளிரவு வரை மாநில அரசு அனுமதிக்கலாம். ஆகவே வீட்டில் பயில்வதற்குக் காதில் அணியும் ஹெட்போன் வசதியுள்ள சிறு பெட்டியே உகந்தது.

ஒரு யோசனை

இதுகாறும் கூறியவற்றிலிருந்து ஒன்று தெளிவாகும். கிடார் வாசிப்பவரின் கைக்கும் தோளுக்கும் பொருந்த வேண்டியது; ஆம்ப்ளிபயர் மண்டபத்திற்குப் பொருந்த வேண்டியது. கை அவரவருடையது, மண்டபம் எல்லோருடையது. ஆகையால் கிடாரை அவரவர் வாங்கிக்கொள்ளட்டும். மேடை ஆம்ப்ளிபயரைப் பொதுவில் வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பிள்ளையும் தனித்தனியே பெரிய பெட்டி வாங்கினால், ஆண்டில் மூன்று நான்கு நாட்கள் மட்டுமே அது முழக்கமிடும். மற்ற நாட்களில் கட்டிலடியில் கிடந்து ஈரம் காக்கும். ஐந்தாறு குடும்பங்கள் சேர்ந்து, அல்லது சங்கமே முன்வந்து, டி.ஐ. வாயிலும் சரியான எர்த்தும் உடைய நல்ல பெட்டி ஒன்றை வாங்கி, பொறுப்பான ஒருவர் வசம் ஒப்படைத்தால், குடும்பச் செலவும் குறையும், மேடையும் பாதுகாப்பாக இருக்கும். மீந்த பணத்தில் பிள்ளை நல்ல கழுத்துடைய கிடாரையே வாங்கலாம். ஓராண்டு முறையாகப் பாடம் கேட்கவும் அது உதவும்.

பிறரைத் தாங்கும் வாத்தியத்தைப் பலர் சேர்ந்து தாங்குவது பொருத்தமே அன்றோ? சங்க அன்பர்கள் இதைப் பொதுக்குழுவில் எடுத்துப் பேசி ஒரு முடிவு காண்பார்களாக.