கடல் இல்லாத குட்டி நாடு: மதுரைக்குப் பக்கத்திலேயே ஒரு ‘லீக்டன்ஸ்டைன்’ இருந்தது தெரியுமா?

மதுரை மாட்டுத்தாவணியில் புதுக்கோட்டை பஸ் ஏறுகிறீர்கள். மேலூர், திருப்பத்தூர், திருமயம் வழியாகச் சுமார் 100 கிலோமீட்டர். வழியில் யாரும் அடையாள அட்டை கேட்பதில்லை. ஆனால் 1947-ல் இதே பாதையில் போயிருந்தால், திருமயத்துக்கு முன்னாடியே ‘பிரிட்டிஷ் இந்தியா’ முடிந்துபோயிருக்கும். அதற்கு அப்புறம் வேற ராஜா, வேற போலீஸ், வேற கோர்ட், வேற சட்டசபை.

அதுதான் புதுக்கோட்டை சமஸ்தானம். இன்றைய தமிழ்நாட்டுக்குள் முழுசாக அமைந்திருந்த, குறிப்பிடத்தக்க ஒரே சுதேச சமஸ்தானம். நான்கு பக்கமும் பிரிட்டிஷ் மாவட்டங்கள், எந்தப் பக்கமும் கடல் கிடையாது.

ஐரோப்பாவில் ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் லீக்டன்ஸ்டைன் என்று ஒரு நாடு இருக்கிறது. சுவிட்சர்லாந்துக்கும் ஆஸ்திரியாவுக்கும் நடுவில் சிக்கிக்கொண்ட குட்டி நாடு. அங்கே இன்றைக்கும் இளவரசர்தான் நாட்டின் தலைவர். அது இன்னும் தனி நாடாக இருக்கிறது. புதுக்கோட்டை ஒரு மாவட்டமாகிவிட்டது. ஏன்? விரிவாகப் பார்ப்போம்.

எவ்வளவு சின்னது?

லீக்டன்ஸ்டைனின் பரப்பளவு 160 சதுர கிலோமீட்டர். மதுரை மாநகராட்சி எல்லையைவிடக் கொஞ்சம்தான் பெரியது. மக்கள்தொகை சுமார் 40,000. தலைநகரம் வாடூஸ். மேற்கு எல்லையில் ரைன் நதி ஓடுகிறது. அதற்குக் கடல் இல்லை என்பது மட்டுமல்ல, அதன் இரண்டு அண்டை நாடுகளுக்கும்கூடக் கடல் இல்லை. உலகத்திலேயே இப்படி இருப்பவை இரண்டு நாடுகள்தான். இன்னொன்று உஸ்பெகிஸ்தான்.

புதுக்கோட்டை சமஸ்தானம் அதைவிடப் பெரியது. சுமார் 1,179 சதுர மைல், அதாவது ஏறத்தாழ 3,050 சதுர கிலோமீட்டர். இன்றைய மதுரை மாவட்டத்தைவிடக் கொஞ்சம் சிறியது. 1941 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 4.38 லட்சம். வடக்கிலும் மேற்கிலும் திருச்சி மாவட்டம், கிழக்கில் தஞ்சாவூர். தெற்கில் மதுரை மாவட்டம். 1910-ல் ராமநாதபுரம் மாவட்டம் பிரிக்கப்பட்ட பிறகு அந்த எல்லை அதன் கைக்குப் போனது.

ஆல்ப்ஸில் பனி உருகி ஆறு வரும். இங்கே அப்படி எதுவும் கிடையாது. தெற்கு வெள்ளாறு இருந்தாலும், ஊரைக் காப்பாற்றியது மழையும் ஆயிரக்கணக்கான கண்மாய்களும்தான். மழை பொய்த்தால் சமஸ்தானத்தின் வருமானமும் பொய்த்துவிடும். குடுமியான்மலை, நார்த்தாமலை, சித்தன்னவாசல் போன்ற பாறைக் குன்றுகள்தான் இந்தச் சமவெளியின் ‘மலைத்தொடர்’.

ராஜ்ஜியம் எப்படி வந்தது?

லீக்டன்ஸ்டைன் விலைக்கு வாங்கப்பட்ட நாடு. வியன்னாவில் செல்வாக்காக இருந்த லீக்டன்ஸ்டைன் குடும்பம் 1699-ல் ஷெல்லன்பெர்க்கையும் 1712-ல் வாடூஸையும் காசு கொடுத்து வாங்கியது. பேரரசின் சபையில் இடம் பிடிக்க அவர்களுக்குச் சொந்த மண் தேவைப்பட்டது. 1719-ல் இரண்டும் சேர்ந்து தனி நாடானது. வேடிக்கை என்னவென்றால், இளவரசர் அங்கே நிரந்தரமாகக் குடிவந்தது 1938-ல்தான்!

புதுக்கோட்டை கல்யாண உறவில் வந்தது. 17-ம் நூற்றாண்டின் கடைசியில் ராமநாதபுரத்தை ஆண்ட கிழவன் சேதுபதி, தொண்டைமான் குடும்பத்தைச் சேர்ந்த காதலி நாச்சியாரை மணந்தார். மைத்துனர் ரகுநாதராய தொண்டைமானிடம் புதுக்கோட்டைப் பகுதியை ஒப்படைத்தார். அதற்கு முன்பு அங்கே ஆட்சியில் இருந்தவர்கள் பல்லவராயர்கள். மச்சானுக்குக் கொடுத்த சீர்தான் பிறகு 250 ஆண்டுகளுக்கு மேல் நீடித்த ராஜ்ஜியம்.

பிரிட்டிஷார் ஏன் அதை விட்டுவைத்தார்கள்?

இதுதான் இன்றைக்கும் சூடு குறையாத கேள்வி. அக்கம்பக்கத்து ராமநாதபுரமும் சிவகங்கையும் 1803-ல் ஜமீன்களாகச் சுருங்கின. புதுக்கோட்டை மட்டும் சமஸ்தானமாகவே நின்றது. காரணம் எளிமையானது: தொண்டைமான்கள் ஆரம்பத்திலேயே கிழக்கிந்திய கம்பெனி பக்கம் நின்றார்கள். 1750-களில் திருச்சிக் கோட்டைக்காக பிரெஞ்சுக்காரர்களும் கம்பெனியும் மோதியபோது, கம்பெனிப் படைக்குப் புதுக்கோட்டையிலிருந்து உணவும் உதவியும் போயின.

அதற்குக் கிடைத்த பரிசு, வழக்கமான கப்பம் கட்டத் தேவையில்லை என்பது. 1806-ல் கீழாநிலைப் பகுதி கொடுக்கப்பட்டபோது மட்டும் ‘வருஷத்துக்கு ஒரு யானை’ என்று நிபந்தனை போட்டார்கள். அதையும் கம்பெனி வற்புறுத்தவில்லை, பிற்பாடு ரத்தும் செய்துவிட்டது.

ஆனால் அந்த நட்புக்கு இன்னொரு விலையும் இருந்தது. 1799-ல் பாஞ்சாலங்குறிச்சியிலிருந்து தப்பிய வீரபாண்டிய கட்டபொம்மன், தொண்டைமான் எல்லைக்குள் திருக்களம்பூர் அருகே காட்டில் பிடிபட்டார். அவரைப் பிடித்துத் தரும்படி கலெக்டர் லஷிங்டன் கேட்டிருந்தார். தொண்டைமானின் ஆட்கள் பிடித்துக் கம்பெனியிடம் ஒப்படைத்தார்கள். அக்டோபர் 16-ல் கயத்தாறில் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்டார்.

1959-ல் வந்த சினிமாவுக்குப் பிறகு ‘காட்டிக்கொடுத்த ஊர்’ என்ற பேச்சு ஊர் ஊராகப் பரவியது. ‘கம்பெனியின் கூட்டாளியாக ஒப்பந்தப்படி நடந்துகொண்டார், அவ்வளவுதான்’ என்று தொண்டைமானுக்காக வாதிடுபவர்களும் உண்டு. இரண்டில் எதை ஏற்றாலும் ஒன்றை மறுக்க முடியாது. பெரிய சக்திக்கு நடுவில் ஒரு சின்ன ராஜ்ஜியம் தப்பித்து நிற்பதற்கான விலையை, சில நேரம் வேறு யாரோதான் கொடுக்கிறார்கள். அன்று அந்த முடிவில் புதுக்கோட்டைக் குடியானவனுக்கோ நெசவாளிக்கோ எந்தப் பங்கும் இல்லை.

சொந்த நாணயம் இருந்ததா?

இருந்தது. பெயர் அம்மன் காசு. பொடிசாக ஒரு செப்புக்காசு. ஒரு பக்கம் சமஸ்தானத்தின் குலதெய்வமான பிரகதாம்பாள், மறுபக்கம் ‘விஜய’ என்று தெலுங்கு எழுத்தில். 20 காசு சேர்ந்தால் ஓர் அணா, 320 சேர்ந்தால் ஒரு ரூபாய். நவராத்திரி சமயத்தில் அரிசியோடு சேர்த்து தானமாகவும் கொடுப்பார்கள். ‘அம்மஞ்சல்லிக்குப் பெறாது’ என்று நம்ம வீட்டுப் பெரியவர்கள் திட்டியிருப்பார்கள், இல்லையா? அந்த ‘அம்மன் சல்லி’ இதுதான்.

லீக்டன்ஸ்டைன் இதில் வேறு வழியைப் பிடித்தது. 1923-ல் சுவிட்சர்லாந்தோடு சுங்க ஒப்பந்தம் போட்டு, அடுத்த ஆண்டே சுவிஸ் பிராங்கைத் தன் பணமாக ஏற்றுக்கொண்டது. ராணுவத்தை அதற்கும் முன்பே, 1868-ல், செலவு தாங்காமல் கலைத்துவிட்டது.

ஆட்சி எப்படி நடந்தது?

புதுக்கோட்டையில் மேலே ராஜா, அவருக்குக் கீழே திவான். பக்கத்தில் கண்காணிக்க பிரிட்டிஷ் பொலிட்டிகல் ஏஜென்ட். நீண்ட காலம் திருச்சி கலெக்டர்தான் அந்தப் பொறுப்பில் இருந்தார். பேர் ராஜாவுடையது என்றாலும், பல சமயம் கடிவாளம் திவான் கையில். 1878-ல் பொறுப்பேற்ற சேஷய்யா சாஸ்திரி, விளைச்சலில் பங்கு வாங்கும் பழைய அமானி முறையை மாற்றினார், நகரத்தையும் குளங்களையும் சீரமைத்தார்.

உப்பு விஷயத்தைப் பார்த்தால் ‘தனி ராஜ்ஜியம்’ எந்த அளவுக்குத் தனி என்பது புரியும். கடல் இல்லாததால் இங்கே உவர்மண்ணிலிருந்து உப்பு எடுத்தார்கள். பிரிட்டிஷாரின் உப்பு வருமானத்துக்கு அது இடைஞ்சல். 1887-ல் அதை நிறுத்தச் சொன்னார்கள். ஈடாக ராஜாவுக்கு ஆண்டுதோறும் 38,000 ரூபாய். இழப்பீடு அரண்மனைக்குப் போனது, தொழில் உப்பு எடுத்தவர்களிடமிருந்து போனது.

1902-ல் பிரதிநிதிகள் சபை வந்தது. 1924-ல் அதற்குப் பதிலாக சட்டசபை. 50 உறுப்பினர்களில் 35 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். ஆனால் கடைசி முடிவு சபையின் கையில் இல்லை.

ராஜாவின் சொந்த வாழ்க்கைகூட அவர் கையில் இல்லை. மார்த்தாண்ட பைரவ தொண்டைமான் 1915-ல் மோலி பிங்க் என்ற ஆஸ்திரேலியப் பெண்ணை மணந்தார். அவரை ராணியாகவோ, பிறந்த மகனை வாரிசாகவோ பிரிட்டிஷ் அரசு ஏற்கவில்லை. ராஜா ஊரைவிட்டே போய், 1928-ல் பாரிஸில் இறந்தார். அடுத்து பட்டத்துக்கு வந்த ராஜகோபால தொண்டைமானுக்கு அப்போது வயது ஆறு. 1934 முதல் 1946 வரை நிர்வாகத்தை நடத்தியவர் அலெக்சாண்டர் டாட்டன்ஹாம் என்ற ஆங்கிலேயர்.

மக்கள்?

சின்ன ஊர் என்றாலும் பெரிய ஆட்கள். காங்கிரஸ் தலைவர் எஸ். சத்தியமூர்த்தி பிறந்தது திருமயத்தில். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1886-ல் புதுக்கோட்டையில் பிறந்தார். ஆண்கள் மட்டுமே படித்த மகாராஜா கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு கிளம்பியபோது, ராஜா மார்த்தாண்ட பைரவர் அனுமதி கொடுத்தார். அவர்தான் பிற்பாடு மதராஸ் சட்டமன்ற மேலவையின் முதல் பெண் உறுப்பினர், அதன் துணைத் தலைவர்.

ஒப்பிட்டுப் பாருங்கள்: லீக்டன்ஸ்டைனில் பெண்களுக்கு தேசிய அளவில் ஓட்டுரிமை கிடைத்தது 1984-ல். முத்துலட்சுமி ரெட்டி சபைக்குள் போய் ஐம்பது வருஷங்களுக்கும் மேலான பிறகு!

கடைசியில் என்ன ஆனது?

1948 மார்ச் 3-ம் தேதி புதுக்கோட்டை இந்திய யூனியனோடு இணைந்தது. திருச்சி மாவட்டத்தின் ஒரு பகுதியானது. பொது வாக்கெடுப்பு எதுவும் நடக்கவில்லை. ராஜகோபால தொண்டைமான் மோதல் இல்லாமல் ஆட்சியை ஒப்படைத்தார். நியாயமாகச் சொன்னால், வேறு வழியும் இல்லை. பாதுகாப்பு, துறைமுகம் இரண்டுமே வெளியே இருந்தன. காவலாக நின்ற பிரிட்டிஷாரும் கிளம்பிவிட்டார்கள்.

இணைந்ததால் மக்களுக்கு ஓட்டும் அரசியலமைப்பு உரிமைகளும் கிடைத்தன. ஆனால் தலைநகரமாக இருந்த ஊர், 26 வருஷம் மாவட்டத் தலைநகரமாகக்கூட இல்லாமல் இருந்தது. 1974 ஜனவரி 14-ல்தான் தனி மாவட்டமானது. அப்போது தஞ்சாவூரின் அறந்தாங்கிப் பகுதியும் சேர்ந்தது. அதனால் மணமேல்குடி, கோட்டைப்பட்டினம் என்று கடற்கரையும் கிடைத்தது. சமஸ்தானமாக இருந்தவரை கிடைக்காத கடல், மாவட்டமான பிறகு கிடைத்துவிட்டது.

லீக்டன்ஸ்டைன் மட்டும் எப்படித் தப்பித்தது?

அதற்கு இரண்டு அண்டை நாடுகள். ஒன்றோடு ஒத்துவராதபோது இன்னொன்றோடு ஒட்டிக்கொண்டது. முதல் உலகப் போர் வரை ஆஸ்திரியா, பிறகு சுவிட்சர்லாந்து. இப்போது தொழிற்சாலைகளும் வங்கிகளும் இருக்கின்றன. அங்கே வேலை பார்ப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் தினமும் எல்லை தாண்டி வந்து போகிறவர்கள்.

இளவரசருக்கு இன்றும் நிறைய அதிகாரம் உண்டு. 25 பேர் கொண்ட நாடாளுமன்றம் கொண்டுவரும் சட்டத்தை அவர் தடுக்கலாம். மக்கள் வாக்களித்து ஏற்றதைக்கூட. அந்த அதிகாரத்தைக் குறைக்கலாமா என்று 2012-ல் வாக்கெடுப்பு நடந்தபோது, நான்கில் மூன்று பேர் ‘வேண்டாம், இருக்கட்டும்’ என்றார்கள். ஆனால் 2003-ல் திருத்தப்பட்ட அரசியலமைப்பின்படி, மன்னராட்சியே வேண்டாம் என்று மக்கள் வாக்கெடுப்பு கோரலாம். 11 ஊராட்சிகளில் எது நினைத்தாலும் பிரிந்துபோகும் நடைமுறையைத் தொடங்கலாம்.

முக்கியமான வித்தியாசம் இங்கேதான். அங்கே இளவரசர் இருப்பதா வேண்டாமா என்பது மக்களிடம் கேட்கப்படுகிறது. புதுக்கோட்டையில் கட்டபொம்மனை ஒப்படைத்தபோதும், உப்பை நிறுத்தியபோதும், வாரிசை முடிவு செய்தபோதும், இணைந்தபோதும் மக்களிடம் யாரும் கேட்கவில்லை. அவர்கள் கையில் முழு ஓட்டு வந்தது, சமஸ்தானம் போன பிறகுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நேரம் கிடைத்தால் ஒரு எட்டு போய்ட்டு வாங்க. வழியில் திருமயம் கோட்டை, ஊருக்குப் பக்கத்தில் சித்தன்னவாசல் ஓவியம், திருக்கோகர்ணத்தில் 1910-ல் ராஜா காலத்தில் தொடங்கிய அருங்காட்சியகம். அரண்மனையைப் பார்க்கணுமா? அதுதான் இப்போ கலெக்டர் ஆபீஸ். திங்கட்கிழமை போனால், ராஜா வாழ்ந்த வளாகத்தில் கையில் மனுவோடு ஜனங்கள் வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம்.