வெற்றிலைத் தாம்பூலமும் வாய்ப்புற்றுநோயும்

பதுளை, பசறை, அப்புத்தளைப் பகுதித் தோட்டங்களில் விடியற்குளிரில் மலைக்குச் செல்லும் தொழிலாளர் பலர் வெற்றிலை போடாமல் வேலையைத் தொடங்குவதில்லை. களைப்பும் பசியும் அதனால் சற்றே தணிவது உண்மையே. ஆயின், இலங்கை ஆண்களிடையே மிகுதியாகக் காணப்படும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோயே.

குற்றம் வெற்றிலையின்மேல் அன்று. பாக்கிலுள்ள அரிகோலின் என்னும் பொருளும், புகையிலையிலுள்ள நைத்திரோசமைன் என்னும் நஞ்சுகளும் கன்னத்தின் உட்தோலில் ஊறி, உயிரணுக்களின் மரபுப்பொருளைச் சிதைக்கின்றன. சுண்ணாம்பு அத்தோலைப் புண்ணாக்கி, நஞ்சு உட்புக வழிசெய்கிறது. அவ்வாறு சிதைந்த உயிரணு, கொந்துவெட்டாத மலையிற் களை பெருகுவதுபோலக் கட்டின்றிப் பெருகும். இதற்குப் பல்லாண்டுகள் செல்லும். தொடக்கத்தில் நோவும் இராது. வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கியவாறே உறங்குவது மிகக் கேடாம்.

புகையிலையை நீக்கினாற் போதும் என்பாருமுளர். அது பிழை. உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2004ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில், பாக்குத் தனித்தே புற்றுநோயை உண்டாக்கும் என வகுத்துள்ளது.

ரொட்டியுடன் உண்ணும் சம்பல் முன்னில்லாதவாறு வாயை எரிப்பினும், வாய் திறப்பது குறுகினும், வெள்ளை அல்லது சிவப்புத் திட்டுத் தோன்றினும், மூன்று வாரத்தில் ஆறாத புண் இருப்பினும், தாமதியாது தோட்ட வைத்தியரிடமோ பதுளைப் பெரியாஸ்பத்திரியிற் பல் வைத்தியரிடமோ வாயைக் காட்டுதல் வேண்டும்.