கை நோவை வயதின்மீது சுமத்தலாமா?

சாட்டி என்றதும் வெண்மணற் கடற்கரையும் நன்னீர்க் கிணறுகளும் மாதா ஆலயமுமே நம்மிற் பலருக்கு நினைவில் எழும். ஆனால், வேலணைத் தீவின் அந்த மண்ணில் வாழ்வைத் தாங்கி நிற்பவை அங்குள்ளோரின் கைகளே. கிணற்றில் நீர் அள்ளுவது, தோட்டம் கொத்துவது, வலை பொத்துவது, பனையோலையில் பெட்டியும் கடகமும் இழைப்பது எனச் சகலமும் விரல்களின் உழைப்பு. பிள்ளைகள் புலம்பெயர்ந்துவிட, முதியோர் தனித்து வாழும் வீடுகள் தீவகத்தில் பல. அங்கு விரல் மடங்க மறுத்தால் அன்று அடுப்பு எரிவதே கேள்விக்குறியாகிவிடும்.

எனினும் கை நோவை நாம் ஒரு நோயாகவே எண்ணுவதில்லை. 'வயது போனால் அப்படித்தான்' என்று ஆறுதல் கூறிவிட்டு, மருந்துக்கடையில் இரண்டு நோக் குளிசைகளை வாங்கி விழுங்குவதோடு அலுவல் முடிந்துவிடுகிறது. இந்த அலட்சியம் ஆபத்தானது.

கை மூட்டு நோ எல்லாம் ஒன்றல்ல. முதலாவது, என்புகளின் முனையைப் போர்த்தியுள்ள கசியிழையம் தேய்வதால் வருவது. ஐம்பது வயதைக் கடந்த பெண்களிடம் இது அதிகம். விரல்களின் நுனி மூட்டு, நடு மூட்டு, பெருவிரலின் அடி மூட்டு ஆகியவற்றையே பெரிதும் தாக்கும். வேலை செய்யச் செய்ய நோ கூடும். காலை விறைப்பு பொதுவாக அரை மணி நேரத்துக்குள் தளர்ந்துவிடும்.

இரண்டாவது முடக்குவாதம். உடலின் எதிர்ப்புச் சக்தியே மூட்டுகளைத் தாக்குவதால் விளைவது. இது இளவயதினரையும் விடாது. இரு கைகளிலும் மணிக்கட்டும் விரல்களின் அடி மூட்டுகளும் வீங்கும், காலை விறைப்பு ஒரு மணி நேரத்துக்கு மேலும் நீடிக்கும், உடற்சோர்வும் சேரும். சில மாதங்களுக்குள் சிகிச்சை தொடங்கினால் விரல்கள் கோணுவதைப் பெரும்பாலும் தடுக்கலாம். தாமதித்தால் இழந்த மூட்டை மருந்து மீட்டுத் தராது. இதற்கு வழங்கப்படும் மெத்தோட்ரெக்சேட் குளிசையை வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே உட்கொள்ள வேண்டும். தவறுதலாகத் தினமும் எடுப்பது உயிருக்கே உலைவைக்கும்.

2006 இன் இறுதியில் இலங்கையில் பரவிய சிக்குன்குனியாவை நம்மவர் மறந்திருக்கமாட்டார்கள். காய்ச்சல் விட்ட பின்னரும் மாதக்கணக்கில் கை மூட்டுகளை வதைக்கக்கூடிய நோய் அது. ஆகவே நோ எப்போது, எப்படித் தொடங்கியது என்பதை வைத்தியரிடம் விபரமாகக் கூறுவது அவசியம்.

தேய்வினால் வரும் நோவுக்கு வீட்டிலேயே செய்யக்கூடியவை பல. காலையில் இளஞ்சூட்டு நீரில் கைகளை வைத்து, விரல்களை மெதுவாக மடக்கி விரிக்கலாம். கத்தி, அகப்பை, விளக்குமாறு ஆகியவற்றின் பிடியில் துணி சுற்றித் தடிப்பாக்கினால் இறுகப் பற்ற வேண்டியிராது. நிறைந்த ஒரு வாளிக்குப் பதிலாக அரை வாளிகளாக இருமுறை தூக்கலாம். ஓலை இழைப்போர் இடையிடையே கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும். பெருவிரலுக்கு அணைபட்டி அணிவதும் பயன் தரும்.

நோக் குளிசைகளை நாட்கணக்கின்றி விழுங்குவது குடற்புண்ணுக்கும் சிறுநீரகப் பாதிப்புக்கும் வழிவகுக்கும். நீரிழிவும் உயர் குருதி அழுத்தமும் உள்ளோர் மேலும் அவதானமாக இருக்க வேண்டும். பூசும் மருந்து இவர்களுக்கு ஒப்பீட்டளவில் பாதுகாப்பானது. சித்த வைத்தியத்தின் எண்ணெயும் ஒத்தடமும் இதம் தரலாம்; ஆயினும் முடக்குவாதத்துக்கான சிகிச்சையை அவற்றுக்காகக் கைவிடலாகாது.

நெடுந்தீவிலும் நயினாதீவிலும் உள்ள முதியவர் ஒருவர் யாழ். போதனா வைத்தியசாலைக்குச் செல்வதானால், குறிகட்டுவான் வரை படகிலும் அப்பால் பேருந்திலும் பயணிக்க வேண்டும். கை விறைத்தவருக்குப் படகின் விளிம்பைப் பற்றி ஏறுவதே பெரும்பாடு. எனவே மூட்டுநோய்ச் சிகிச்சையும் இயன்மருத்துவமும் தீவக வைத்தியசாலைகளிலேயே ஒழுங்காகக் கிடைக்கச் சுகாதாரத் துறையினர் வழிசெய்ய வேண்டும்.

ஒக்டோபர் 12 உலக மூட்டுவாத தினம். அந்த நாள்வரை காத்திராமல், நம் வீட்டு முதியோரின் கைகளை இன்றே ஒருமுறை பார்ப்போம். காலையில் விரல் மடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று கேட்போம். அந்தக் கேள்வியே ஒரு கையைக் காப்பாற்றக்கூடும்.