ஏரிக்கரையில் இரண்டாவது ஆள்

சேலையூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "பொதுச்சேவை செய்கிறவர்களுக்கு இரத்த அழுத்தம் குறையும், ஆயுள் கூடும் என்று வாட்ஸ்அப்பில் வருகிறதே, உண்மையா? எனக்கு வயது 58. எங்கள் பக்கத்து ஏரியைச் சுத்தம் செய்ய ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறார்கள். போகலாமா?"

போகலாமா என்பதற்கு விடை சுலபம்: போங்கள். ஆயுள் கூடுமா என்பதற்குத்தான் கொஞ்சம் நிதானம் வேண்டும்.

அந்தச் செய்தி அடியோடு பொய் அல்ல. 2013-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 50 வயதைத் தாண்டிய 1,164 பேரை 4 ஆண்டு இடைவெளியில் பார்த்தது. ஆண்டுக்கு 200 மணி நேரமாவது சேவை செய்தவர்களிடம் உயர் இரத்த அழுத்தம் புதிதாக வருவது குறைவாக இருந்தது. அதே ஆண்டு பிரிட்டனில் 40 ஆய்வுக் கட்டுரைகளை ஒன்றாக வைத்து அலசினார்கள். மக்களை நீண்ட காலம் பின்தொடர்ந்த ஆய்வுகளில், சேவை செய்தவர்களிடையே இறப்பு அபாயம் 22 சதவீதம் குறைவு. வாட்ஸ்அப் செய்தி இந்த இடத்தில் நின்றுவிடுகிறது. அந்த அலசல் நிற்கவில்லை. குலுக்கல் முறையில் சிலரைச் சேவைக்கு அனுப்பி, சிலரை அனுப்பாமல் ஒப்பிட்ட சோதனைகளில் உடல்நல லாபம் உறுதிப்படவில்லை என்றும் அது சொன்னது.

காரணம் ஏரிக்கரையில் நின்று பார்த்தாலே விளங்கும். மண் நிரம்பிய பாண்டைத் தூக்கத் தெம்பு இருக்கிறவர்தான் வருகிறார். மூட்டுவலிக்காரர் மாடியிலிருந்து பார்க்கிறார். பத்து வருடம் கழித்துக் கணக்கெடுத்தால் வந்தவர்தான் ஆரோக்கியமாக இருப்பார். அதைச் சேவை கொடுத்ததா, அது முன்பே இருந்ததால்தான் அவர் வந்தாரா? எதிர்த்தரப்பில் ஒரு நல்ல சான்றும் உண்டு. கனடாவில் 106 பள்ளி மாணவர்களைக் குலுக்கலில் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை வாரம் ஒருமுறை சிறு பிள்ளைகளுக்கு உதவ அனுப்பினார்கள். இரண்டு மாதத்தில் இவர்களிடம் உடல் அழற்சியைக் காட்டும் ஒரு புரதமும் கொழுப்பும் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன. நல்ல சோதனைதான், ஆனால் இரண்டு மாதத்தை வைத்து ஆயுளை அளக்க முடியாது.

இன்னொன்றையும் அந்த வாசகி தெரிந்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் முதியவர்களிடம் எதற்காகச் சேவை செய்கிறீர்கள் என்று கேட்டு, பிறகு யார் உயிரோடிருக்கிறார்கள் என்று பார்த்த ஆய்வு 2012-இல் வந்தது. பிறருக்காகப் போனவர்களிடையே இறப்பு குறைவு. தன் நன்மைக்காகப் போனவர்களுக்கும் போகாதவர்களுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே சேவையை மாத்திரை மாதிரி விழுங்க நினைக்க வேண்டாம். மருத்துவர் கொடுத்த மாத்திரையையும் நிறுத்த வேண்டாம்.

என்னைப் பிடித்து ஆட்டுவது வேறொரு கேள்வி. கூலி இல்லை, கட்டாயம் இல்லை, ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் போகிறது. ஆனாலும் ஏன் வருகிறார்கள்?

சில வருடங்களுக்கு முன், சென்னைப் புறநகரில் சிட்லபாக்கம் ஏரியில் ஒரு காலை நேரம். கரையோரம் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்று குப்பை கலந்த மண்ணைப் பாண்டில் அள்ளிக் கைமாற்றிக்கொண்டிருந்தார்கள். பால் பாக்கெட்டோடு நடந்து வந்த ஒருவர் நின்றார்.

"என்ன சார், பேரூராட்சி ஆளுங்களா?"

"இல்ல சார், பக்கத்துத் தெருதான்."

"காசு யாரு குடுக்கிறாங்க?"

"யாரும் குடுக்கல. சார், இந்தப் பாண்டைக் கொஞ்சம் பிடிங்களேன், கை மாத்திக்கிறேன்."

அவர் பால் பாக்கெட்டைப் பார்த்தார், பாண்டைப் பார்த்தார். நிறுத்தியிருந்த ஒரு ஸ்கூட்டர் இருக்கையில் பாலை வைத்தார். ஒரு பாண்டு. இன்னொரு பாண்டு. முக்கால் மணி நேரம் கழித்து வீட்டிலிருந்து போன் வந்த பிறகுதான் பால் நினைவுக்கு வந்தது.

அந்த மனிதர் நல்லவர் என்பதால் இறங்கினார் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதே நல்லவர் அதற்கு முன் பல வருடம் அதே ஏரியைக் கடந்து பால் வாங்கி வந்தவர்தானே? அன்று மட்டும் என்ன மாறியது?

இதற்கு எனக்குத் தெரிந்து மிக அழகான விடையை அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1978-இல் கொடுத்தார். அவர் எடுத்துக்கொண்ட உதாரணம் கலவரம்; நாம் ஏரியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வொருவர் மனத்திலும் ஓர் எண் இருக்கிறது: எத்தனை பேர் இறங்கினால் நானும் இறங்குவேன்? அதை நான் 'துணை எண்' என்று சொல்லிக்கொள்கிறேன். யாருமே இல்லாவிட்டாலும் இறங்குகிறவருக்குத் துணை எண் 0. ஒருவர் இறங்கிவிட்டால் போதும் என்பவருக்கு 1. ஊரே திரண்டால்தான் வருவேன் என்பவருக்கு 99.

ஒரு தெருவில் 100 பேர். துணை எண்கள் 0 முதல் 99 வரை ஆளுக்கு ஒன்று. 0-காரர் மண்வெட்டியோடு இறங்குகிறார். அவரைப் பார்த்து 1-காரர். இருவரைப் பார்த்து 2-காரர். மூவரைப் பார்த்து 3-காரர். இப்படியே போய் 100 பேரும் ஏரியில் நிற்பார்கள்.

அடுத்த தெருவிலும் 100 பேர். எல்லாம் அச்சு அசலாக அதேதான், ஒரே ஒரு வித்தியாசம்: 1-காரருக்குப் பதில் அங்கே இன்னொரு 2-காரர். 0-காரர் இறங்குகிறார். அடுத்து? ஒருவரைப் பார்த்ததும் இறங்க அங்கே ஆள் இல்லை. இரண்டு பேர் இறங்கட்டும் என்று இரண்டு பேர் காத்து நிற்கிறார்கள். 0-காரர் வெயில் ஏறும்வரை தனியாக வெட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறார்.

முதல் தெருவின் சராசரித் துணை எண் 49.50. இரண்டாவது தெருவில் 49.51. மனசில் வித்தியாசம் நூற்றில் ஒரு பங்கு. ஏரியில் 100 பேருக்கு எதிராக 1 ஆள். 'அந்தத் தெருக்காரங்க சுயநலக்காரங்க' என்று ஊர் பேசும். அந்தப் பேச்சு தப்பு. அந்தத் தெருவில் குறைந்தது நல்ல மனம் அல்ல, இரண்டாவது ஆள். இந்தக் கணக்கை முதல்முறை படித்த நாளிலிருந்து எந்த ஊரையும் நான் அவ்வளவு சுலபமாகக் குறை சொல்வதில்லை.

விறகடுப்பு மூட்டிய கைகளுக்கு இந்தக் கணக்கு முன்பே தெரியும். தீக்குச்சிதான் 0. தேங்காய் நாரும் பன்னாடையும் 1, 2. சுள்ளி 10, 20. தென்னை மட்டை 50. வேலங்கட்டை 90. கட்டைக்கு நேராகக் குச்சியைக் காட்டினால் கருகுமே தவிரப் பற்றாது. அது கட்டையின் குற்றமல்ல, நடுவில் நார் இல்லை. பற்றிவிட்டாலோ, நார் அணைந்த பிறகும் நின்று எரிந்து சோற்றை வடிக்க வைப்பது அந்தக் கட்டைதான். கடைசியில் வந்து சேர்ந்த ஓய்வுபெற்ற அதிகாரி, ஆறு மாதம் விடாமல் மனு எழுதிப் போடுவதை நான் பார்த்திருக்கிறேன். ஊதாங்குழல் யார்? வாட்ஸ்அப் குழுவை நடத்துகிறவர். அளவாக ஊதினால் கங்கு சிவக்கும். நாளைக்கு நாற்பது செய்தி போட்டு ஊதினால் சாம்பல்தான் கண்ணில் விழும்.

ஈர விறகும் உண்டு. சூரிச் பல்கலைக்கழகத்தில் 44 மாணவர்களை வைத்து ஒரு பொதுநிதி விளையாட்டு நடத்தி, முடிவை 2001-இல் வெளியிட்டார்கள். மற்றவர்கள் எவ்வளவு போடுகிறார்கள் என்று பார்த்து அதற்கேற்பத் தானும் போட்டவர்கள் ஏறக்குறையப் பாதி. யார் எவ்வளவு போட்டாலும் தன் பையைத் திறக்காதவர்கள் மூன்றில் ஒரு பங்கை ஒட்டி. இப்படிப்பட்ட விளையாட்டைப் பல சுற்று நடத்தினால், முதல் சுற்றில் தாராளமாக விழும் பணம் சுற்றுக்குச் சுற்று குறைந்துகொண்டே போகும். பார்த்துப் போடுகிறவர்கள், போடாதவர்களையும் பார்த்துவிடுகிறார்கள். முதல் ஞாயிறு எண்பது பேர், ஐந்தாவது ஞாயிறு ஒன்பது பேர் என்ற சோர்வின் உள்கணக்கு இதுதான்.

அப்படியானால் ஆளுக்கு நூறு ரூபாய் கொடுத்துவிட்டால்? அது அடுப்பில் மண்ணெண்ணெய் ஊற்றுகிற வேலை. இஸ்ரேலில் 180 பள்ளி மாணவர்களை வீடு வீடாக நன்கொடை திரட்ட அனுப்பிய சோதனை ஒன்று 2000-இல் வெளியானது. திரட்டியதில் 10 சதவீதம் உனக்கு என்று சொல்லப்பட்டவர்களைவிட, ஒன்றுமே தரப்படாதவர்கள் சராசரியாக அதிகம் திரட்டினார்கள். 1 சதவீதம் தரப்பட்டவர்கள் எல்லாரையும்விடக் குறைவு. சில்லறை கைக்கு வந்ததும் சேவை, கூலி குறைந்த வேலையாக மாறிவிடுகிறது.

வரலாற்றைக் கேட்பவர்களுக்காக ஒரு பத்தி. உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், 10-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே, ஏரி வாரியத்துக்குக் குடவோலையில் ஆள் தேர்ந்ததைச் சொல்கின்றன. அந்தக் காலத்தில் ஊரே மனமுவந்து ஏரியைக் காத்தது என்று உடனே கண் கலங்க வேண்டாம். ஊராரே ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்து என்ற வழக்கத்தில் மனமும் இருந்தது, கட்டாயமும் இருந்தது; 1858-இல் ஆங்கில அரசு அந்த வழக்க வேலையை வலியுறுத்தச் சட்டமே போட்டது. தாம்பரத்துக்குப் பக்கத்தில் மணிமங்கலம் ஏரியில் 2017-இல் தமிழக அரசு குடிமராமத்து என்ற பெயரை மறுபடி எடுத்தபோது, அது அரசுப் பணத்தில் நடக்கும் திட்டமாக இருந்தது.

சிட்லபாக்கத்தில் நடந்தது வேறு. 80 ஏக்கருக்கு மேல் இருந்த ஏரி 50 ஏக்கருக்கும் கீழே சுருங்கி, குப்பையும் கழிவுநீருமாகக் கிடந்தது. 2019 கோடையில் சென்னையின் குடிநீர் ஏரிகள் வறண்டு லாரித் தண்ணீருக்கு ஊரே அலைந்தபோது, 'சிட்லபாக்கம் ரைசிங்' என்ற குடியிருப்போர் குழுவின் அழைப்பில் வார இறுதிகளில் நூற்றுக்கணக்கானோர் இறங்கினார்கள். அந்த ஆண்டே அரசு 25 கோடி ரூபாய் அறிவித்தது. ஏரியை ஆழப்படுத்தியது பாண்டு மட்டும் அல்ல. எந்திரமும் அரசுப் பணமும் வந்த பிறகுதான் பெரிய வேலை நடந்தது. ஆனால் அவற்றை வரவழைத்தது அந்தப் பாண்டு. அரசுக்கும் ஒரு துணை எண் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

இனி, வருகிறவருக்கு என்ன லாபம்? 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் கொட்டியது 49 செ.மீ. மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. மீனவர்கள் கடற்கரையிலிருந்து படகுகளைக் கொண்டுவந்தார்கள். ஆனால் எந்த வீட்டில் எழுந்து நடக்க முடியாத பாட்டி இருக்கிறார், எந்த மாடியில் கைக்குழந்தை இருக்கிறது என்பது படகுக்காரருக்கு எப்படித் தெரியும்? தெருவை அறிந்த ஒருவர் கை காட்ட வேண்டும். அரசியல் அறிஞர் டேனியல் ஆல்ட்ரிச், 2004 சுனாமிக்குப் பிந்தைய தமிழகக் கடலோரக் கிராமங்களையும் பேரிடர் கண்ட கோபே, நியூ ஆர்லியன்ஸ் நகரங்களையும் ஆராய்ந்து 2012-இல் ஒரு நூல் எழுதினார். மீண்டெழுவதில் பணத்துக்கும் சேதத்தின் அளவுக்கும் மேலாக மனிதத் தொடர்புகள் முன்னிற்கின்றன என்பது அவர் கண்டது. இதே தொடர்பு, வட்டத்துக்கு வெளியே இருந்த தலித்துகளையும் பெண்களையும் நிவாரணப் பட்டியலில் விட்டுவிட்டதையும் அவர் எழுதியிருக்கிறார். அதையும் மறக்கக் கூடாது. கரையில் நிற்கும் வரிசையில் யார் இல்லை என்பதை ஒவ்வொரு ஞாயிறும் பார்க்க வேண்டும்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது, எங்கள் பகுதியில் மாதக்கணக்கில் 'குட் மார்னிங்' மட்டுமே வந்துகொண்டிருந்த ஏரிக் குழு ஒரே இரவில் விழித்தது. யார் வீட்டு மோட்டார், யாரிடம் கேன் தண்ணீர், யாருக்கு இன்சுலின் என்று செய்திகள் வந்து விழுந்தன. நீறு பூத்த நெருப்பு என்பார்களே, அதுதான். ஒருமுறை சேர்ந்து பாண்டு கைமாற்றியவர்களின் துணை எண் பழைய உயரத்துக்குத் திரும்புவதில்லை. சேவையின் நிச்சயமான லாபம் என்று நான் நம்பிச் சொல்வது இதைத்தான். இரத்தப் பரிசோதனையில் இது தெரியாது.

சேலையூர் அம்மா, இந்த ஞாயிறு போங்கள். போகிற வழியில் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, "நான் போறேன், நீங்களும் வாங்களேன்" என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். அந்த வீட்டில் இருப்பவரின் துணை எண் 1 ஆக இருக்கலாம்.