மேக்னஸ் கார்ல்சன்: பலகையில் தொடங்கும் ஆட்டம்

மேக்னஸ் கார்ல்சனின் கதையை மூன்று எண்களில் சொல்லிவிடலாம்: 29, 67, 136.

2004 ஜனவரி. நெதர்லாந்தின் கடலோர ஊரான வைக் ஆன் ஸீயில் ஆண்டுதோறும் நடக்கும் செஸ் போட்டி. அதன் மூன்றாம் பிரிவில் ஆடிய பதிமூன்று வயது நார்வே பையன், டச்சு வீரர் சிப்கே எர்ன்ஸ்டுக்கு எதிராக முதலில் குதிரையைப் பலிகொடுத்தான், அடுத்து பிஷப்பை, அதற்கும் அடுத்து யானையை. 29-ஆவது நகர்த்தலில் செக்மேட். வாஷிங்டன் போஸ்ட் நாளிதழில் செஸ் பத்தி எழுதிவந்த கிராண்ட்மாஸ்டர் லுபோமிர் கவாலெக், அவனுக்குச் ‘சதுரங்கத்தின் மொஸார்ட்’ என்று பெயர் சூட்டினார்.

2013 நவம்பர் 16, சென்னை. உலகச் சாம்பியன் விஸ்வநாதன் ஆனந்துடன் ஆறாவது ஆட்டம். பலிகொடுப்பு இல்லை, மின்னல் இல்லை. டிராவில் முடியும் என்று அரங்கமே நினைத்த, யானைகள் மட்டும் மிஞ்சிய இறுதிக்கட்ட ஆட்டத்தை விடாமல் இழுத்து, 67-ஆவது நகர்த்தலில் வென்றார்.

2021 டிசம்பர், துபாய். ரஷ்யாவின் இயான் நெபோம்னியாச்சியுடன் ஆறாவது ஆட்டம். ஏழே முக்கால் மணி நேரம் ஓடி, நள்ளிரவைத் தாண்டி, 136-ஆவது நகர்த்தலில் வெற்றி. உலகச் சாம்பியன்ஷிப் வரலாற்றிலேயே நீளமான ஆட்டம் அதுதான்.

அதிரடிச் சிறுவன் பொறுமைக்காரர் ஆனார் என்று இதைச் சுருக்கிவிடலாம். ஆனால் அது பாதிதான் உண்மை. மூன்று ஆட்டங்களுக்கும் பொதுவான பிடிவாதம் ஒன்று உண்டு: ஆட்டம் வீட்டில் முடிவாகிவிடக் கூடாது, பலகைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகே தொடங்க வேண்டும். அவர் பட்டங்கள் வாங்கியதும் இந்தப் பிடிவாதத்தால்தான், பட்டத்தை வேண்டாம் என்று வைத்ததும் இதனால்தான்.

பையன்

1990 நவம்பர் 30-இல் தோன்ஸ்பர்க்கில் பிறந்தவர். அப்பா ஹென்ரிக், அம்மா சிக்ருன் இருவருமே பொறியாளர்கள். பிறவி மேதைகளைப் பற்றிய கதைகளில் குழந்தை தொட்டிலிலிருந்து எட்டிக் காய் நகர்த்தும். இங்கே அப்படி இல்லை. அப்பா ஐந்து வயதில் சொல்லிக்கொடுத்தபோது பையனுக்குப் பெரிய ஆர்வம் வரவில்லை. அவனுக்குப் பிடித்தது லெகோ கட்டுவதும், உலக நாடுகளின் தலைநகரம், கொடி, மக்கள்தொகை எல்லாவற்றையும் மனப்பாடம் செய்வதும். பிறகு அக்கா எல்லனை ஜெயித்துக் காட்ட வேண்டும் என்ற வீம்பு வந்தது. செஸ் உள்ளே நுழைந்தது அந்த வாசல் வழியாகத்தான்.

எட்டு வயதில் முதல் போட்டி. நார்வே சாம்பியன்ஷிப்பின் சிறுவர் பிரிவில் பதினோரு சுற்றில் ஆறு புள்ளி. யாரும் திரும்பிப் பார்க்கும் கணக்கு அல்ல. ஆனால் அதற்குப் பிறகு வேகம் கூடியது. நார்வேயின் முதல் கிராண்ட்மாஸ்டர் சிமென் அக்டெஸ்டெய்ன் பயிற்சியாளராக வந்தார். அவர் வித்தியாசமான மனிதர். நார்வேயின் தேசியக் கால்பந்து அணியிலும் ஆடியவர். தினம் இத்தனை மணி நேரம் படி என்று அவர் பையனைக் கட்டிப்போடவில்லை. பிடித்ததை ஆடு, பிடித்த புத்தகத்தைப் படி, பந்தும் விளையாடு என்று விட்டுவிட்டார். சோவியத் பள்ளியில் வளர்ந்த ஒரு பயிற்சியாளர் இதைக் கேட்டால் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்.

2003-இல் குடும்பமே ஒரு துணிச்சலான முடிவெடுத்தது. அப்பா வேலைக்கு விடுப்புப் போட்டார். பிள்ளைகளின் பள்ளிக்கு ஓராண்டு இடைவெளி. வண்டியைக் கிளப்பிக்கொண்டு ஐரோப்பா முழுக்க ஊர் சுற்றல். போகிற வழியில் போட்டிகள். அந்த ஓராண்டுக்குள்தான் வைக் ஆன் ஸீ வெற்றி வந்தது. மார்ச்சில் ஐஸ்லாந்தின் ரெய்க்யவிக்கில் முன்னாள் உலகச் சாம்பியன் கார்போவை பிளிட்ஸ் ஆட்டத்தில் வென்றான். மறுநாள் ரேபிட் ஆட்டத்தில் இன்னொரு முன்னாள் உலகச் சாம்பியன் காஸ்பரோவை டிராவில் நிறுத்தினான். அந்த ஆட்டத்தின் வீடியோ இன்றும் இணையத்தில் கிடைக்கிறது. காஸ்பரோவ் தலையைப் பிடித்துக்கொண்டு யோசிக்கிறார். பையன் எழுந்து பக்கத்து மேசைகளில் என்ன நடக்கிறது என்று வேடிக்கை பார்க்கப் போகிறான். ஏப்ரலில் துபாயில் கிராண்ட்மாஸ்டர் பட்டம் முழுமையானபோது அவனுக்கு வயது 13 ஆண்டு, நான்கு மாதம், 27 நாள். அன்றைய உலகில் அவனைவிடச் சின்ன வயது கிராண்ட்மாஸ்டர் கிடையாது.

இன்று அந்தக் கணக்கு உலகச் செய்தி ஆகாது. சென்னையின் பிரக்ஞானந்தாவும் குகேஷும் 12 வயதிலேயே கிராண்ட்மாஸ்டர் ஆனவர்கள். அமெரிக்காவின் அபிமன்யு மிஸ்ரா 2021-இல் 12 வயது, நான்கு மாதத்தில் எட்டி, சாதனையை வைத்திருக்கிறார். கணினியும் இணையமும் பயிற்சியைக் குழந்தையின் மேசைக்கே கொண்டுவந்துவிட்டன. குடும்பத்தோடு வண்டி கட்டிப் புறப்பட வேண்டிய கட்டாயம் குறைந்திருக்கிறது.

நாடு

கார்ல்சன் பிறந்தபோது நார்வேயில் விளையாட்டு வீரன் என்றால் பனிச்சறுக்குக்காரன். செஸ் என்பது கிளப் அறையில் காபியோடு நடக்கும் சமாச்சாரம். 2013-இல் சென்னைப் போட்டியை அரசுத் தொலைக்காட்சியான என்.ஆர்.கே. மணிக்கணக்கில் நேரலையாகக் காட்டியது. நார்வே மக்களுக்கு நிதானமாகப் பார்ப்பது ஏற்கெனவே பழகியிருந்தது. அதே என்.ஆர்.கே. 2009-இல் பெர்கன் ரயில் பயணத்தை ஏழு மணி நேரத்துக்கும் மேலாக வெட்டாமல் காட்டி, அதற்கும் பெரிய கூட்டத்தைச் சேர்த்திருந்தது. ரயில் ஓடுவதையே உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு, இரண்டு பேர் யோசிப்பதைப் பார்ப்பது சிரமமாக இருக்குமா?

இப்போது ஸ்டாவாங்கர் நகரில் 2013-இல் தொடங்கிய ‘நார்வே செஸ்’ உலகின் முன்னணிப் போட்டிகளில் ஒன்று. 2014 ஒலிம்பியாட் துருவ வட்டத்துக்கு மேலே இருக்கும் ட்ரொம்சோவில் நடந்தது. 2017-இல் ஆர்யன் தாரி என்ற நார்வே இளைஞர் உலக ஜூனியர் சாம்பியன் ஆனார். ஒரு மனிதருக்குப் பின்னால் ஒரு நாடு நகர்ந்தது என்று சொல்வதில் மிகை இல்லை.

ஆட்டம்

2009-இல் காஸ்பரோவே பயிற்சியாளராக வந்தார். பையனுக்கு இல்லாத ஒன்றைக் கொடுக்க வந்தார்: தொடக்க நகர்த்தல்களைப் பற்றிய ஆழ்ந்த வீட்டுப் பாடம். அதன் பலன் உடனே தெரிந்தது. 2010 ஜனவரியில் 19 வயதில் உலகத் தரவரிசையில் முதலிடம். ஆனால் குருவும் சீடனும் அதிக நாள் ஒத்துப்போகவில்லை. காஸ்பரோவுக்குத் தயாரிப்பே வாழ்க்கை. கார்ல்சனுக்கோ ஆபத்தில்லாத ஒரு நிலை கிடைத்தால் போதும். அதற்கு மேல் பலகையில் பார்த்துக்கொள்ளலாம்.

சென்னையில் ஆனந்த் அனுபவித்தது இதைத்தான். கணினியோடு பல மாதம் உட்கார்ந்து ஆனந்தின் குழு தயாரித்துவந்த கூர்மையான வரிசைகளுக்குள் கார்ல்சன் நுழையவே இல்லை. சாதாரணமாகத் தெரியும் தொடக்கங்களை ஆடி, ராணிகளை மாற்றி, நான்கு மணி நேரம் கழித்து எதிராளி களைத்துப்போகும் இடத்துக்கு ஆட்டத்தைக் கொண்டுபோனார். ஐந்தாவது ஆட்டமும் ஆறாவது ஆட்டமும் அடுத்தடுத்த நாள்களில், இரண்டும் யானை ஆட்டங்கள், இரண்டிலும் ஆனந்தின் பிழை கடைசிக் கட்டத்தில். இந்தக் கல்லில் என்ன நார் உரிக்க முடியும் என்று பார்த்தவர்கள் கேட்டார்கள், அவர் உரித்தார். 6½–3½ என்ற கணக்கில், 22 வயதில் பட்டம். 2014 மே மாதம் அவர் தொட்ட 2882 ரேட்டிங்கை இன்றுவரை வேறு யாரும் தொடவில்லை.

அதற்குப் பிறகும் ஆட்டம் நிற்கவில்லை, மாறியது. 2017-இல் ஆல்ஃபாஸீரோ என்ற செயற்கை நுண்ணறிவு நிரல் வந்தது. மனித ஆட்டங்களைப் படிக்காமல் தனக்குத்தானே ஆடிக் கற்ற நிரல். ஓரச் சிப்பாயை முன்னே தள்ளிக்கொண்டே போவது, காய் போனாலும் ராஜாவை நெருக்கிக்கொண்டே இருப்பது என்று அது காட்டிய பாணி கார்ல்சனைக் கவர்ந்தது. 2019-இல் அவர் ஆடியதில் அந்தச் சாயல் வெளிப்படையாகத் தெரிந்தது. அவரே அதை ஒப்புக்கொண்டார். 2018 ஜூலை முதல் 2020 அக்டோபர் வரை 125 கிளாசிக்கல் ஆட்டங்களில் தோல்வியே இல்லை. வைக் ஆன் ஸீ பையனின் அதிரடி திரும்பி வந்தது, சென்னையின் பொறுமையையும் கூடவே அழைத்துக்கொண்டு.

பட்டம்

பட்டத்தைப் பறிக்க வந்தவர்களை ஒவ்வொருவராகத் தடுத்தார்: 2016-இல் நியூயார்க்கில் கர்யாகின், 2018-இல் லண்டனில் கருவானாவோடு பன்னிரண்டு ஆட்டமும் டிரா, பிறகு ரேபிட்டில் 3–0, 2021-இல் நெபோம்னியாச்சி. 2013 முதல் மொத்தம் ஐந்து முறை உலகச் சாம்பியன். 2022 ஜூலையில், இனி அந்தப் பட்டத்துக்காக ஆடப்போவதில்லை என்று அறிவித்தார். தோற்றதால் அல்ல, ஆர்வம் போனதால். மாதக்கணக்கில் ஒரே எதிராளிக்காகக் கணினியோடு உட்கார்ந்து, ஒவ்வொரு வரிசையிலும் ஓட்டை தேடுவதுதான் இன்றைய உலகச் சாம்பியன்ஷிப். வேடிக்கை பார்க்க எழுந்துபோகும் குணமுள்ளவருக்கு அது எப்படி ஒத்துவரும்?

இதன் இன்னொரு பக்கமும் உண்டு. பிடித்தால் ஆடுவேன், இல்லையென்றால் எழுந்துபோவேன் என்பது பதிமூன்று வயதில் அழகு. முப்பதுக்கு மேல் அப்படி இல்லை. 2022 செப்டம்பரில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் ஹான்ஸ் நீமனிடம் தோற்றதும் போட்டியை விட்டு விலகினார். நீமன் ஏமாற்றியதாக நம்புவதாகப் பிறகு எழுதினார். நேரடி ஆட்டத்தில் ஏமாற்றியதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை. நீமன் தொடுத்த வழக்கு 2023-இல் சமரசத்தில் முடிந்தது. தக்க காரணமின்றி விலகியதற்காக சர்வதேச செஸ் கூட்டமைப்பான ஃபிடே, கார்ல்சனுக்கு 10,000 யூரோ அபராதம் போட்டது. 2024 டிசம்பரில் நியூயார்க்கில் ஜீன்ஸ் அணிந்து வந்ததற்கு 200 டாலர் அபராதம். அன்றே மாற்றிக்கொண்டு வர மறுத்து உலக ரேபிட் போட்டியிலிருந்து வெளியேறினார். உடை விதி தளர்த்தப்பட்டதும் பிளிட்ஸுக்குத் திரும்பி வந்து, பட்டத்தை நெபோம்னியாச்சியோடு பகிர்ந்துகொண்டார். ஜாம்பவான் என்பதால் விதி வளைகிறதா, விதியே காலத்துக்குப் பொருந்தாததா என்ற வாதம் ஓயவில்லை. அந்த ஜீன்ஸ் மட்டும் ஏலத்தில் 36,000 டாலருக்கு மேல் போய், பணம் குழந்தைகள் நலனுக்குச் சேர்ந்தது.

அவர் மனம் இப்போது லயிப்பது ஃப்ரீஸ்டைல் செஸ்ஸில். பின்வரிசைக் காய்களை ஆட்டத்துக்குச் சற்று முன்பு குலுக்கி மாற்றி வைத்துவிடுவார்கள். மனப்பாடம் செய்த தொடக்கம் எதுவும் செல்லாது. முதல் நகர்த்தலிலிருந்தே யோசிக்க வேண்டும். 2024 பிப்ரவரியில் ஜெர்மனியின் வைசன்ஹவுஸில் நடந்த முதல் பெரிய போட்டியை வென்றது கார்ல்சன்தான். 2025-இல் ரியாத் மின்விளையாட்டு உலகக் கோப்பையில் செஸ் முதல் முறையாக இடம்பெற்றபோது, அங்கும் அவரே முதல்.

எதிரே இருப்பவர்கள்

2013-இல் தமிழ்நாடு அரசு 29 கோடி ரூபாய் ஒதுக்கி நடத்திய அந்தப் போட்டியைச் சென்னை ஹோட்டல் அரங்கில் கண்ணாடித் தடுப்புக்கு வெளியே இருந்து பார்த்தவர்களில் ஏழு வயது குகேஷும் ஒருவன். அந்தக் கண்ணாடி அறைக்குள் ஒருநாள் உட்கார வேண்டும், போன பட்டத்தை இந்தியாவுக்கு மீட்டுவர வேண்டும் என்று அன்று நினைத்ததாக 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் சாம்பியன் ஆனபோது அவரே சொன்னார். ஆனந்தின் ஊரில் கார்ல்சன் கிரீடத்தை எடுத்துக்கொண்டு போன நாள், ஒரு தலைமுறைக்கு வேலையும் கொடுத்துவிட்டுப் போனது.

2022-இல் மாமல்லபுரம் ஒலிம்பியாடில் முதல் பலகைக்கான தங்கம் குகேஷுக்கு, கார்ல்சனுக்கு வெண்கலம். அதே ஆண்டு பிப்ரவரியில் இணைய ரேபிட் போட்டியில் 16 வயது பிரக்ஞானந்தா அவரை வீழ்த்தியிருந்தார். 2023-இல் பாகு உலகக் கோப்பை இறுதியில் கார்ல்சன் கணக்கைத் தீர்த்தார். 2024-இல் ஸ்டாவாங்கரில், அவருடைய சொந்த மண்ணில், கிளாசிக்கல் ஆட்டத்திலேயே பிரக்ஞானந்தா வென்றார்.

2025 ஜூன் 1, மறுபடி ஸ்டாவாங்கர். குகேஷுக்கு எதிராக வெல்லும் நிலையில் இருந்தவர், நேர நெருக்கடியில் குதிரையைத் தவறான கட்டத்தில் வைத்தார். கையை ஓங்கி மேசையில் குத்தியதில் காய்கள் துள்ளி விழுந்தன. கை கொடுத்தார், சரிந்த காய்களை எடுத்து வைக்க முயன்றார், குகேஷிடம் மன்னிப்புக் கேட்டார், போகிறபோது முதுகில் தட்டிக்கொடுத்தார். அந்தப் போட்டியின் பட்டம் கடைசியில் அவருக்கே வந்தது. நார்வே செஸ்ஸில் ஏழாவது முறை.

அந்தக் குத்து பலருக்கு அநாகரிகமாகப் பட்டது. ஆனால் ஆர்வம் போய்விட்டது என்று பட்டத்தை வைத்துவிட்டுப் போனவர், உலகப் பட்டமே பணயமாக இல்லாத ஓர் ஆட்டத்தில் தோற்றதற்கு ஏன் அப்படித் துடிக்க வேண்டும்? போனது செஸ் மீதான ஆசை இல்லை. செஸ்ஸைச் சுற்றி வளர்ந்துவிட்ட வீட்டுப் பாடத்தின் மீதான பொறுமை. 2011 ஜூலை முதல் இடைவெளியே இல்லாமல் தரவரிசையில் முதலிடத்தில் இருக்கிறார். உலகச் சாம்பியன் ஒருவர், உலகின் முதல் ஆட்டக்காரர் வேறொருவர் என்ற விசித்திரமான காலத்தில் செஸ் இருக்கிறது. இதைச் சரிசெய்யும் வேலை கார்ல்சனுடையது அல்ல. பட்டத்தை வைத்திருப்பவர்களும், பட்டப் போட்டியின் வடிவத்தை வகுப்பவர்களும் யோசிக்க வேண்டியது அது.