ஆப்பு வைத்தால் அளவு வரும்!

இரும்பில் ஓட்டை போடுவது என்ன பெரிய வித்தையா? டிரில்லிங் மெஷினைப் பிடித்து, 'ர்ர்ர்...' என்று ஓர் அழுத்து அழுத்தினால் ஓட்டை விழுந்துவிடப் போகிறது!

இப்படித்தானே நினைக்கிறீர்கள், குட்டீஸ்? சுவரில் காலண்டர் மாட்டுவதற்கு அந்த ஓட்டை போதும். ஆனால், தையல் மெஷின், தண்ணீர் பம்பு, லாரியின் முன் சக்கரம் போன்றவற்றில் ஓர் இரும்புத் தண்டு ஓட்டைக்குள் உட்கார்ந்தபடி சுழல வேண்டும். ஓட்டை கொஞ்சம் சிறியதாக இருந்தால் தண்டு இறுகிக்கொள்ளும். கொஞ்சம் பெரியதாக இருந்தால் 'லொடலொட' என்று ஆடும். அங்கே சுமாரான ஓட்டை உதவாது.

சரி, 10 மி.மீ. டிரில் பிட்டால் துளைத்தால் 10 மி.மீ. ஓட்டை விழும் அல்லவா?

விழாது! அதுதான் வேடிக்கை.

டிரில் பிட்டின் நுனியை உற்றுப் பாருங்கள். வெட்டுகிற விளிம்புகள் இரண்டே இரண்டுதான் இருக்கும். சாணை பிடிக்கும்போது அந்த இரண்டில் ஒன்று மயிரிழை நீளமாகிவிட்டாலும் போதும், ஓட்டை பிட்டைவிடப் பெரிதாகிவிடும். நுனி சற்று அலைந்தாலும் அப்படித்தான். மெல்லிய தகட்டில் துளைத்தால் ஓட்டை வட்டமாகக்கூட இருக்காது. மூன்று மூலை உள்ளதுபோல் கோணலாக வரும். உள்சுவரும் சொரசொரப்பாக இருக்கும். டிரில் பிட்டின் வேலை உலோகத்தை வேகமாகத் தோண்டி வெளியே தள்ளுவது. இன்று நாம் பார்க்கும் முறுக்கு வடிவ டிரில் பிட்டுக்கு அமெரிக்காவின் ஸ்டீபன் மோர்ஸ் 1863ல் காப்புரிமை பெற்றார். அந்த வேலையை அது இன்றும் பிரமாதமாகச் செய்கிறது. துல்லியம் வேண்டுமென்றால் அடுத்த ஆளைத்தான் கூப்பிட வேண்டும்.

அந்த அடுத்த ஆள்தான் ரீமர்!

லேத் பட்டறைகளில் இந்தப் பெயரைக் கேட்டிருக்கலாம். உங்கள் வீட்டில் யாராவது ஐ.டி.ஐ.யில் ஃபிட்டர் பிரிவு படித்திருந்தால், அவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ரீமர் போட்டுப் பழகியிருப்பார்கள்.

ரீமர் பார்ப்பதற்கு உருண்டையான கம்பிபோல இருக்கும். அதைச் சுற்றி நீளவாக்கில் ஆறு, எட்டு என்று பற்கள் இருக்கும். ஓட்டையைப் புதிதாகத் தோண்ட அதற்குத் தெரியாது. ஏற்கெனவே போட்ட ஓட்டையின் சுவரை மெல்லச் சுரண்டி, சரியான அளவுக்குக் கொண்டுவரும். 10 மி.மீ. ஓட்டை வேண்டுமானால், முதலில் 9.8 மி.மீ. டிரில் பிட்டால் துளைப்பார்கள். மீதி 0.2 மி.மீ.ஐ ரீமர் எடுக்கும். பல பற்கள் வேலையைப் பங்குபோட்டுக்கொள்வதால், ஒவ்வொரு பல்லும் துளியூண்டுதான் வெட்ட வேண்டும். அதனால்தான் சுவர் வழவழவென்று வருகிறது.

எவ்வளவு துல்லியம் தெரியுமா? எந்திர வேலையில் பரவலாகப் பயன்படும் ஓர் அளவு முறையின்படி, 20 மி.மீ. ஓட்டை 20 மி.மீ.க்குக் கீழே போகவே கூடாது. மேலே போனால் 20.021 மி.மீ.யைத் தாண்டக் கூடாது. உங்கள் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 0.05 முதல் 0.1 மி.மீ. இருக்கும். அதாவது, ஒரு முடியைவிட மெல்லிய இடைவெளிக்குள் ஓட்டையின் அளவு வந்து நிற்க வேண்டும்!

துல்லியமான ஓட்டைக்காக உலகமே காத்திருந்த கதை ஒன்று உண்டு. நீராவி எந்திரத்தை மேம்படுத்திய ஜேம்ஸ் வாட் பற்றிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். 1769லேயே அவர் தன் யோசனைக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால், எந்திரம் ஒழுங்காக ஓடவில்லை! காரணம், சிலிண்டரின் உள்பக்கம் சரியான வட்டமாக இல்லை. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே இருந்த இடுக்கு வழியாக நீராவி 'புஸ்' என்று தப்பித்துக்கொண்டே இருந்தது. எண்ணெயில் நனைத்த துணி, தக்கை, பழைய தொப்பி என்று கையில் கிடைத்ததை எல்லாம் வைத்து அடைத்துப் பார்த்தார் வாட். பாவம், ஒன்றும் பலிக்கவில்லை.

அப்போது வந்து கைகொடுத்தவர் ஜான் வில்கின்சன் என்ற இங்கிலாந்து இரும்பாலை முதலாளி. பீரங்கிக் குழாய்களைக் குடையும் முறைக்கு 1774ல் காப்புரிமை பெற்றவர் அவர். அடுத்த ஆண்டே சிலிண்டர் குடையும் எந்திரம் ஒன்றைச் செய்தார். வெட்டும் கருவியைத் தாங்குகிற கம்பியைச் சிலிண்டருக்குள் முழுதாக நுழைத்து, அதன் இரண்டு முனைகளையும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். ஒரு முனையை மட்டும் பிடித்தால் கம்பி தொங்கும், ஆடும். இரண்டு முனையையும் பிடித்தால் ஆடாது. அவ்வளவுதான் சூட்சுமம்! 50 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில், எந்த இடத்திலும் ஒரு பழைய ஷில்லிங் காசின் தடிமன் அளவுக்குக்கூடப் பிழை இல்லை என்று வாட்டின் கூட்டாளியான மேத்யூ போல்டன் கடிதத்தில் வியந்து எழுதினார். 1776ல் வாட்டின் எந்திரங்கள் வேலைக்கு வந்தன. அன்று காசின் தடிமனே பெரிய சாதனை. இன்று ஒரு முடியின் தடிமனே பெரிய தவறு!

சரி, ரீமருக்கு வருவோம். ரீமர் செய்கிறவர்கள் யோசித்து வைத்திருக்கும் ஒரு குறும்பைச் சொல்லியாக வேண்டும். ரீமரின் பற்களுக்கு இடையே உள்ள இடைவெளி எல்லாம் ஒரே அளவில் இருக்காது! பார்த்தால் சரியாகச் செய்யத் தெரியாமல் செய்ததுபோல் தோன்றும். ஆனால், அது வேண்டுமென்றே செய்தது. இடைவெளி சமமாக இருந்தால், ஒரு பல் துள்ளி ஏற்படுத்திய பள்ளத்திலேயே அடுத்த பல்லும் போய் விழும். அதற்கடுத்த பல்லும் அங்கேயே விழும். 'கடகட'வென்று கருவி அதிர்ந்து, சுவர் முழுக்க வரிவரியாகத் தழும்பு விழும். இடைவெளியை மாற்றி மாற்றி வைத்தால் இந்தத் தாளம் தப்பிவிடும். எனக்கு ரீமரில் ரொம்பப் பிடித்த விஷயமே இதுதான்.

இப்போது ஒரு சிக்கல். 10 மி.மீ. ரீமரால் 10 மி.மீ. ஓட்டைதான் போட முடியும். 10.1 வேண்டுமென்றால்? 10.3 வேண்டுமென்றால்? ஒவ்வொன்றுக்கும் ஒரு ரீமர் வாங்கிக்கொண்டே போனால் பட்டறைக்காரர் கதி என்னாவது? அதுவும் பழைய வண்டியைப் பழுது பார்க்கும் இடத்தில், புத்தகத்தில் போட்ட அளவு எதுவுமே இருக்காது. தேய்ந்த தண்டுக்குத் தக்கபடி ஓட்டை வேண்டும். அதற்காக உருவானதுதான் அளவை மாற்றக்கூடிய ரீமர்.

இரும்புக் கருவியை எப்படிப் பருமனாக்குவது? ஊதினால் பெரிதாக அது என்ன பலூனா?

இங்கேதான் ஆப்பு வருகிறது! 'ஆப்பசைத்த குரங்கு' கதை தெரியும் அல்லவா? பாதி பிளந்த மரத்தில் செருகியிருந்த ஆப்பைப் பிடுங்கி, வாலை மாட்டிக்கொண்டு தவித்ததே, அந்தக் குரங்குதான். ஒரு பக்கம் மெல்லியதாகவும் மறுபக்கம் தடிமனாகவும் இருக்கும் கட்டைதான் ஆப்பு. அதை உள்ளே தள்ளத் தள்ள, இரண்டு பக்கமும் விலகிக்கொடுக்கும். நீளவாக்கில் நிறையத் தள்ளினால், அகலவாக்கில் கொஞ்சம்தான் விலகும். இந்தக் 'கொஞ்சம்'தான் நமக்கு வேண்டியது.

அளவு மாற்றும் ரீமரில் பற்கள் உடம்போடு ஒட்டியிருக்காது. தனித்தனி பிளேடுகளாக, பெரும்பாலும் ஆறு இருக்கும். உடம்பில் நீளவாக்கில் வெட்டிய காடிகளுக்குள் அவை உட்கார்ந்திருக்கும். அந்தக் காடிகளின் அடித்தளம் சமமாக இருக்காது. பள்ளிக்கூட மாடிக்கு ஏறும் சாய்தளம்போல ஒரு பக்கம் மெல்ல மேலேறும். பிளேடுகளின் இரண்டு முனைகளிலும் ஒவ்வொரு நட்டு. ஒரு நட்டைத் தளர்த்தி, எதிரே உள்ள நட்டை இறுக்கினால், ஆறு பிளேடுகளும் சேர்ந்தாற்போல் சரிவில் ஏறும். ஏற ஏற வெளியே துருத்தும். ரீமர் பருமனாகிவிடும்! எதிர்ப்பக்கம் திருகினால் இளைத்துவிடும்.

இதில் உங்களுக்கு ஒரு கணக்கு: சரிவு, 30 மி.மீ. நீளத்துக்கு 1 மி.மீ. ஏறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நட்டை ஒரு முழுச்சுற்று திருகினால் பிளேடுகள் 1.5 மி.மீ. நகரும். அப்படியானால், ஒரு சுற்றுக்கு ரீமரின் விட்டம் எவ்வளவு கூடும்? அவசரப்படாதீர்கள். இதில் ஒரு சின்னப் பொறி இருக்கிறது.

இன்னொரு வகையும் உண்டு. அதில் ரீமரின் உடம்பு உள்ளே குடைவாக இருக்கும். பற்களுக்கு நடுவே நீளவாக்கில் கீறி விட்டிருப்பார்கள். உள்ளே கூம்பு வடிவ திருகை முடுக்கினால், உடம்பே லேசாக உப்பும். ஆனால், மிகவும் கொஞ்சம்தான். ஆசைப்பட்டு அதிகம் முடுக்கினால் 'டக்' என்று உடைந்துபோகும். தேய்ந்த ரீமரை மறுபடி அளவுக்குக் கொண்டுவர இது நல்லது. பிளேடு வகையோ, ஓரளவு பெரிய ரீமராக இருந்தால், ஒன்றிரண்டு மி.மீ. வரைகூட வளர்ந்து காட்டும்.

இந்த பிளேடு ரீமரைத் தேடிப் போக வேண்டுமென்றால், நாமக்கல், சங்ககிரி மாதிரி லாரிகள் நிறைந்த ஊர்களின் பட்டறைகளுக்குப் போகலாம். லாரியின் முன் சக்கரம் இடமும் வலமும் திரும்புகிறதே, அது 'கிங் பின்' என்ற தடித்த ஊசியைச் சுற்றித்தான் திரும்புகிறது. அந்த ஊசி மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு புஷ்களுக்குள் நிற்கும். புஷ் என்பது வெண்கலம் போன்ற உலோகத்தால் ஆன சின்னக் குழாய். ஊசிக்குப் பதிலாக அதுதான் தேயும். தேய்ந்ததும் பழையதைத் தட்டி எடுத்துவிட்டுப் புதியதை அழுத்திப் பொருத்துவார்கள். அழுத்திப் பொருத்தும்போது புஷ் சற்றுச் சுருங்கிவிடும். ஊசி உள்ளே போகாது. அப்போதுதான் ரீமருக்கு அழைப்பு வரும்.

மெக்கானிக் என்ன செய்வார்? ரீமரை புஷ்ஷுக்குள் விட்டு, பிளேடுகள் சுவரைத் தொடும் வரை நட்டைத் திருகுவார். பிறகு வெளியே எடுத்து, இன்னும் துளி கூட்டி, கைப்பிடி மாட்டி, மெல்லச் சுற்றி இறக்குவார். எடுப்பார், துடைப்பார், ஊசியை நுழைத்துப் பார்ப்பார். மறுபடி துளி கூட்டுவார். ஒரே மூச்சில் அதிகம் எடுக்கப் பார்த்தால் பிளேடு துள்ளி, புது புஷ் பாழாகும். ஒரு தடவை பெரிதாகிப் போன ஓட்டையை எந்த ரீமராலும் சிறியதாக்க முடியாது! எண்ணெய் தடவிய ஊசி, கட்டை விரலால் அழுத்தினால் மெல்ல வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். அதுவே கணக்கு.

மேல் புஷ்ஷும் கீழ் புஷ்ஷும் ஒரே நேர்க்கோட்டில் இருப்பதும் முக்கியம். ரீமருக்கு ஒரு குறை உண்டு: ஓட்டை போன வழியிலேயே அதுவும் போகும். கோணலான ஓட்டையைப் பெரிதாக்குமே தவிர நேராக்காது. அதனால், மேல் புஷ்ஷை ரீம் செய்யும்போது, நீண்ட ரீமரின் வால் பகுதியைக் கீழ் புஷ்ஷில் தாங்கிப் பிடிக்கும்படி செய்கிறார்கள். வில்கின்சன் செய்ததும் இதுதானே!

இந்த வேலையில் கோட்டை விட்டால் என்ன ஆகும்? ஓட்டை பெரிதானால் முன் சக்கரம் ஆடும், ஸ்டியரிங் நடுங்கும், டயர் ஒழுங்கில்லாமல் தேயும். இறுக்கமானாலோ, ஸ்டியரிங்கைத் திருப்பவே டிரைவர் மல்லுக்கட்ட வேண்டும். திருப்பிய சக்கரம் தானாக நேராகவும் வராது. பத்து டன் சுமையோடு மலைப்பாதையில் இறங்குகிற லாரியில் இது விளையாட்டு இல்லை, குட்டீஸ்.

ரீமரைப் பிடிப்பவர்கள் ஒருபோதும் செய்யாத ஒரு காரியம் உண்டு. அதைப் பின்பக்கமாகச் சுற்றவே மாட்டார்கள். வெளியே எடுக்கும்போதுகூட முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டேதான் எடுப்பார்கள். பின்னால் சுற்றினால், வெட்டிய உலோகத் துகள் பல்லுக்கும் சுவருக்கும் நடுவே மாட்டிக்கொள்ளும். பல்லின் முனை உடையும். வழவழப்பான சுவரில் கீறல் விழும். எஃகை வெட்டும்போது எண்ணெய் விடுவார்கள். வார்ப்பிரும்புக்கு எண்ணெய் தேவையில்லை. அதற்குள் இருக்கும் கிராஃபைட்டே வழுக்கிக் கொடுத்துவிடும். கிராஃபைட் வேறு எதுவுமில்லை, உங்கள் பென்சில் முனையில் இருப்பதுதான்!

வயலின் செய்கிறவர்களிடமும் ரீமர் இருக்கிறது. தந்தியை முறுக்கும் மரக் குமிழ்களுக்கான ஓட்டையைக் கூம்பு வடிவில் சீராக்க அது உதவுகிறது. பல் டாக்டரிடமும் உண்டு. பல்லின் வேர்க் குழாயைச் சுத்தம் செய்ய அவர் எடுக்கும் ஊசி போன்ற கருவிகளில் ஒன்றுக்குப் பெயர் ரீமர்தான். அடுத்த முறை போகும்போது, வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரிடம் கேட்டுவிடுங்கள். திறந்த பிறகு கேட்க முடியாது!

கணக்குக்கு விடை: ஒரு சுற்றுக்கு பிளேடு 1.5 மி.மீ. நகர்கிறது. அதை 30ஆல் வகுத்தால் 0.05 மி.மீ. இதைத்தான் விடை என்று எழுதியிருந்தால் பொறியில் விழுந்துவிட்டீர்கள்! எதிரே இருக்கும் பிளேடும் அதே 0.05 மி.மீ. வெளியே வருகிறதே. எனவே விட்டம் 0.1 மி.மீ. கூடும். 0.02 மி.மீ. மட்டும் கூட்ட வேண்டுமானால், நட்டை ஐந்தில் ஒரு பங்கு சுற்று திருகினால் போதும்.